கரூஸோவின் பாட்டை டெனர் சாக்ஸில் கேட்பது

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஓபராப் பாடகர் கரூஸோவுக்கு மரியாதையாக ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜோ லொவானோ செய்த 'விவா கரூஸோ' ஆல்பத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஜாஸ் கொஞ்சம் பழக்கம், ஓபரா என்ற மேல்நாட்டு இசைநாடகம் சுத்தமாகத் தெரியாது. 'ஓ சோலே மியோ' உடனே பிடித்துவிட்டது. 'வெஸ்தி லா ஜூப்பா' மட்டும் பாடகர் வராத கச்சேரி மாதிரி இருக்கிறது. குறை உங்கள் காதிலா, அவர் வாசிப்பிலா, முதலில் கரூஸோவைக் கேட்டுவிட்டு வர வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஓபராவை ஜாஸில் வாசிப்பதே ஒட்டுவேலை இல்லையா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் கேட்பது ஓர் ஆல்பத்தைப் பற்றி மட்டும் அல்ல. சொல்லையும் மேடையையும் எடுத்துவிட்ட பிறகு ஓர் ஓபராப் பாட்டில் வாசிக்க என்ன மிஞ்சுகிறது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. உங்கள் காதில் குறை எதுவும் இல்லை. அந்த இரண்டு பாட்டும் இரண்டு வேறு சாதி. அந்த வித்தியாசம்தான் உங்களுக்குக் கேட்டிருக்கிறது.

எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டு இசையை முறையாகப் படித்தவன். டெனர் சாக்ஸும் கிளாரினெட்டும் வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும்தான் பல வருஷமாகத் தொழில். மூச்சு, விரல், சுருதி பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். இத்தாலி மொழி எனக்குப் பேச வராது, தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர வட்டார மொழி அதைவிடத் தூரம். பாட்டின் பொருளை மொழிபெயர்ப்பில் படித்தவன்தான். அதனால் சொல்லழுத்தம் பற்றி நான் சொல்லும் இடங்களை அந்த ஊர்க்காரர் யாராவது திருத்தினால் அவர் சொல்வதையே நம்புங்கள்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். லொவானோ 1952-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தவர்; சிசிலியிலிருந்து வந்த குடும்பம். அப்பா டோனி லொவானோ, 'பிக் டி' என்பார்கள், பகலில் முடிதிருத்துபவர், இரவில் டெனர் சாக்ஸ் வாசிப்பவர். மகனுக்கு முதல் குரு அவர்தான். பாடகர் ஒருவருக்கு மரியாதை செய்து ஆல்பம் போடுவது லொவானோவுக்குப் புதிதல்ல. 1990-களிலேயே ஃபிராங்க் சினாட்ராவுக்கு ஒன்று செய்திருந்தார். 'விவா கரூஸோ' புளூ நோட் நிறுவனத்தில் 2002-இல் வந்தது. பெரிய குழுவுக்கான இசைக்கோர்ப்பு பைரன் ஓல்சன். அக்கார்டியனில் கில் கோல்ட்ஸ்டைன், குரலுக்கு லொவானோவின் மனைவி ஜூடி சில்வானோ. இது ஓபரா ஆல்பம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கரூஸோ பாடிய பாட்டுகளை எடுத்துக்கொண்ட ஆல்பம் என்பதுதான் சரி. என்ரிகோ கரூஸோ 1873-இல் நேப்பிள்ஸில் பிறந்து 1921-இல் அங்கேயே இறந்தவர். 1903 முதல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவின் நட்சத்திரம். மேடையில் வெர்டி, புச்சினி போன்ற இசையமைப்பாளர்களின் ஓபராக்களைப் பாடினார் என்றால், இசைத்தட்டில் அவற்றோடு நேப்பிள்ஸ் தெருப்பாட்டுகளையும் ஏராளமாகப் பாடி வைத்தார். லொவானோ தேர்ந்தெடுத்தவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. 'தரன்தெல்லா சின்செரா', 'சியலோ துர்க்கினோ', 'பெக்கே', 'சாந்தா லுச்சியா' எதுவுமே ஓபரா கிடையாது.

இப்போது அந்த இரண்டு சாதிக்கு வருவோம். 'ஓ சோலே மியோ' 1898-இல் வந்தது. வரிகள் ஜொவான்னி கப்புர்ரோ, மெட்டு எதுவார்தோ தி கப்புவா. (அல்ஃப்ரெதோ மத்ஸுக்கி என்பவருக்கும் மெட்டில் பங்கு உண்டு என்று நூறு வருஷம் கழித்து நீதிமன்றம் சொன்னது தனிக்கதை.) அமைப்பைப் பாருங்கள்: ஒரு சரணம், திரும்பத் திரும்ப வரும் ஒரு பல்லவி. எல்லாம் நான்கு, எட்டு அளவுகளில் சதுரமாக முடியும். அடியில் மூன்று நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்)தான், அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் விசேஷம். பல்லவியில் 'ஓ சோலே' என்ற சொல் இரண்டாம் தடவை திரும்பும் இடத்தில், மேஜர் என்ற பிரகாசமான அமைப்பில் இருக்கும் பாட்டுக்குள் நான்காம் கார்டு திடீரென்று மைனர் என்ற சோகம் கலந்த அமைப்புக்கு மாறிவிடும். வெயிலைப் பாடும் பாட்டில் ஒரு நொடி மேகம் வந்து போகும் இடம் அது. ஜாஸ்காரர்களுக்கு அந்த மைனர் நான்கு என்றால் உயிர். அமெரிக்கப் பழம்பாட்டுகளில் பாதி அதை வைத்துத்தான் உருக வைக்கின்றன. ஆக, ஜாஸ் வாசிப்பவர் ஒரு பாட்டிடம் எதிர்பார்க்கும் எல்லாம் இதில் தயாராக இருக்கிறது. மெட்டை ஒரு தடவை சொல்லிவிட்டு, அதே கார்டு வட்டத்தின் மேல் எத்தனை சுற்று வேண்டுமானாலும் மனோதர்மமாகப் போகலாம். கேட்பவருக்கும் வழி தவறாது. உங்களுக்கு உடனே பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

'வெஸ்தி லா ஜூப்பா' அப்படி இல்லை. ருஜ்ஜேரோ லியொன்கவால்லோ தானே வரிகளும் எழுதி இசையமைத்த 'பல்யாச்சி' ஓபராவில் முதல் அங்கத்தின் முடிவில் வரும் ஏரியா, அதாவது ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு. 1892-இல் மிலானில் அரங்கேறியது. கானியோ என்ற கூத்துக்காரன் தன் மனைவிக்கு வேறொருவனோடு தொடர்பு இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான். ஊர்ச் சனம் கூத்து பார்க்கக் கூடிக்கொண்டிருக்கிறது. உடுப்பை மாட்டு, முகத்தில் மாவைப் பூசு, சனம் காசு கொடுத்திருக்கிறது, அது சிரிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். தொடக்கம் பாட்டே இல்லை, 'நடிக்கணுமாம்!' என்று பேச்சும் கசப்பான சிரிப்புமாகத் தெறிக்கும் வசனம். அப்புறம்தான் மெட்டு வருகிறது. வந்த மெட்டும் வட்டமாகச் சுற்றாது. கானியோவின் மனம் போகும் பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு போய், 'சிரி, கோமாளி, உடைந்துபோன உன் காதலைப் பார்த்து' என்ற வரியில் உச்சிக்கு ஏறி, அழுகையில் இறங்கிவிடும். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா முடித்து வைக்கும். மொத்தமே மூன்றரை நிமிஷம் சொச்சம். திரும்பிப் போய் இன்னொரு சுற்று வர இதில் வாசலே இல்லை. உச்சிக்குப் போன மனிதனைக் கீழே கொண்டுவந்து மறுபடியும் உடுப்பு மாட்டச் சொல்ல முடியாது.

இதில் சாக்ஸ்காரருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வாசிப்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் உங்களுக்கு எதுவோ குறைந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஏரியா ஈ மைனரில் எழுதப்பட்டது. 'ரீதி, பல்யாச்சோ' (சிரி, கோமாளி) என்ற அந்த உச்சி வரி மேல் ஏ ஸ்வரத்தைத் தொடுகிறது. டெனர் குரலுக்கு, அதாவது கரூஸோவுடையது போன்ற உயர்ந்த ஆண் குரலுக்கு, ஈ, எஃப் பக்கத்திலேயே குரல் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாசல் இருக்கிறது. அதைத் தாண்டி ஏ-யில் முழுக்குரலில் நிற்பது என்றால் வயிறு, விலா, தொண்டை எல்லாம் சேர்ந்து உழைக்கணும். அந்த உழைப்பு கேட்பவர் உடம்பிலும் ஏறும். நாடகத்தில் பாதி அதுதான். இதே ஸ்வரம் டெனர் சாக்ஸில் எப்படி? டெனர் சாக்ஸ் பி ஃபிளாட் வாத்தியம், எழுதியதைவிட ஒன்பதாம் ஸ்வரம் தள்ளிக் கீழே ஒலிக்கும். அதனால் ஈ மைனர் ஏரியா எங்கள் தாளில் எஃப் ஷார்ப் மைனராக இருக்கும், அந்த மகா உச்சி ஏ எங்களுக்கு ஒரு பி. அதை வாசிக்க இடது கை ஆள்காட்டி விரல் ஒன்று, பின்னால் பெருவிரலில் ஸ்தாயியை மாற்றும் ஆக்டேவ் சாவி ஒன்று. அவ்வளவுதான். என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் சில மாதத்திலேயே அதை ஊதிவிடுவார்கள். பாடகர் உயிரைக் கொடுத்து ஏறும் இடம் சாக்ஸில் நடுவீதி. வாத்தியத்தின் எல்லை அதற்கும் மேலே இன்னும் ஐந்தாறு அரைஸ்வரம் தள்ளி இருக்கிறது. ஸ்வரத்தை மட்டும் சுத்தமாக வாசித்தால் கானியோ சிரமமே இல்லாமல் அழுதுகொண்டிருப்பார்.

அதனால் நல்ல சாக்ஸ்காரர் அந்தச் சிரமத்தை வேறு இடத்திலிருந்து வரவழைக்கணும். சிலர் ஒரு ஆக்டேவ் மேலே தூக்கி அலற வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, சர்க்கஸ் வாசனை வந்துவிடும். லொவானோவின் வழி வேறு. அவருடைய தொனியே காற்று கலந்தது. ஸ்வரம் பிறக்கும் முன்பே மூச்சு வந்துவிடும், ஸ்வரம் முடிந்த பிறகும் கொஞ்சம் மூச்சு மிஞ்சும். ஸ்வரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து உதட்டால் வளைத்து ஏற்றுவார். நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தில் முதலில் அசைவே இருக்காது, கடைசியில்தான் அதிர்வு சேரும். கரூஸோ பாடுவதைக் கேட்டால் இவற்றுக்கு இணையானவை அங்கும் இருக்கும்: ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போவது, வரியின் நடுவில் அழுத்தத்தை மாற்றுவது, கடைசியில் விம்மல். லொவானோ குரலிடமிருந்து எடுத்துக்கொண்டது மெட்டைவிட அதிகமாக மூச்சைத்தான் என்பது என் கணிப்பு. அவர் எண்ணத்தை நான் படித்ததில்லை. ஆனால் கையில் அதே வாத்தியம் இருப்பவனுக்கு, எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதைக் கேட்டாலே நிறையப் புரிந்துவிடும். சாக்ஸில் வாக்கியம் முடிவதற்கு முன் மூச்சு வாங்கத் தேவையே இல்லாத இடங்களிலும் பாடகர் வாங்குவது போல வாங்கினால், அவர் மனசுக்குள் வரியைச் சொல்லிக்கொண்டுதான் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கரூஸோவை முதலில் கேட்கணுமா என்ற கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் வந்துவிட்டது. நம்மூர்க் காதுக்குச் சொல்லில்லாத பாட்டு புதிதே அல்ல; நாகஸ்வரத்திலும் வீணையிலும் கேட்டுத்தானே வளர்ந்தோம். ஆனால் அங்கே கேட்பவருக்குச் சாகித்யம் முன்பே தெரிந்திருக்கும், வாசிப்பவர் சொல்லைப் பிரிக்கும் இடம் தானாகக் காதில் விழும். லொவானோவும் தன் கேட்பவருக்குக் கரூஸோ காதில் இருக்கிறது என்று நம்பித்தான் வாசிக்கிறார். நேப்பிள்ஸ் பாட்டுகளுக்கு அது அவசியமில்லை. ஏரியாவுக்கு அவசியம். வரியின் பொருளை ஒரு தடவை படித்து, கரூஸோவை இரண்டு தடவை கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ஓபராவை ஜாஸில் வாசிப்பதே ஒட்டுவேலை இல்லையா என்ற உங்கள் சந்தேகத்துக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்லணும். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் ஊர் மட்டும் அல்ல, ஓபரா ஊரும்கூட. அங்கே 1859-இல் திறந்த பிரெஞ்சு ஓபரா ஹவுஸ் 1919-இல் எரிந்துபோகும் வரை நகரத்தின் பெருமையாக இருந்தது. அதே ஊர்க்காரரான ஜாஸ் பியானோகாரர் ஜெல்லி ரோல் மார்ட்டன், 1938-இல் நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தபோது, வெர்டியின் 'இல் த்ரொவதோரே'யிலிருந்து மிஸரேரே பகுதியைப் பியானோவில் முதலில் அப்படியே வாசித்து, அப்புறம் ஜாஸாகவும் வாசித்துக் காட்டினார். ஜாஸ் டிரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் இளவயதில் வாங்கிக் கேட்ட இசைத்தட்டுகளில் கரூஸோவும் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-இல் விக்டர் நிறுவனத்தில் பதிவானது. கரூஸோவும் அதே விக்டர்தான். அந்த முதல் தட்டைப் பதிவு செய்த குழுவை நடத்திய நிக் லரோக்கா, லொவானோவைப் போலவே சிசிலிக் குடியேறிகளின் வாரிசு. அப்புறம் 'அவலான்' வழக்கு. 1920-இல் வந்து பிரபலமான அந்தப் பாட்டின் தொடக்கம் புச்சினியின் 'தோஸ்கா' ஓபராவில் வரும் 'ஏ லுச்சேவான் லே ஸ்தெல்லே' ஏரியாவிலிருந்து எடுத்தது என்று புச்சினியின் பதிப்பாளர் ரிக்கோர்தி வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். இன்றும் ஜாஸ்காரர்கள் உற்சாகமாக ஓட விடும் பாட்டு அது. மைனரில் அழுத ஏரியா மேஜருக்கு மாறி, வேகம் கூடி, டான்ஸ் பாட்டாகிவிட்டது.

இவையெல்லாம் உறுதி. இதிலிருந்து 'ஜாஸே ஓபராவிலிருந்து வந்தது' என்று தாவுகிறவர்கள் உண்டு, அந்தப் பக்கம் நான் போக மாட்டேன். புளூஸ், தேவாலயப் பாட்டு, ராக்டைம், பித்தளைக் குழுக்கள், கரீபியன் தாளம் என்று கறுப்பர் சமூகம் உருவாக்கிய பெரிய வீட்டில் ஓபரா ஒரு ஜன்னல். இன்னொரு வாதமும் அடிக்கடி வரும்: ஓபராப் பாடகர்களும் அந்தக் காலத்தில் மனோதர்மமாகப் பாடினார்கள், ஜாஸ் அதைத்தான் மீட்கிறது என்று. பாதி சரி. ரொஸ்ஸினி, தொனிஸெத்தி காலத்தில் திரும்ப வரும் வரிகளைப் பாடகர் தன் சங்கதிகளால் அலங்கரிப்பது வழக்கம்தான், எதிர்பார்க்கப்பட்டதும்கூட. லியொன்கவால்லோ, புச்சினி தலைமுறைக்கு வரும்போது அது பெரும்பாலும் போய்விட்டது. எழுதிய ஸ்வரத்தைத்தான் பாடணும். கரூஸோ எடுத்துக்கொண்ட சுதந்திரம் காலத்தில், ஸ்வரத்தில் அல்ல. எங்கே நிற்பது, எங்கே ஓடுவது, எதை இழுப்பது என்பது அவருடையது. அதைப் போய் ஜாஸின் மனோதர்மத்தோடு சமமாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இதே வேலையை மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் லொவானோ எடுத்த முடிவு இன்னும் தெளியும். இத்தாலிய டிரம்பெட்காரர் என்ரிகோ ராவா 1993-இல் 'லோபெரா வா' என்று ஒரு ஆல்பம் போட்டார். ஓபராவை உள்ளூர்க்காரர் உரிமையோடு கையாள்வது எப்படி என்பதற்கு அதைக் கேளுங்கள். சாக்ஸிலேயே எதிர்க்கரை வேண்டுமென்றால் பிரான்ஃபர்ட் மார்ஸலிஸ் 1986-இல் செய்த 'ரொமான்ஸஸ் ஃபார் சாக்ஸபோன்'. இங்கிலிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோடு சோப்ரானோ சாக்ஸில் ஃபோரே, ரக்மானினோஃப் எல்லாம் வாசிக்கிறார். ஜாஸ்காரர்தான், ஆனால் அதில் மனோதர்மம் இல்லை, எழுதியதை அழகாகப் பாடுகிறார். ரக்மானினோஃபின் 'வோக்கலீஸ்' முதலிலேயே சொல் இல்லாமல் குரலுக்கு எழுதிய பாட்டு. அதனால் சாக்ஸுக்கு மாறும்போது நஷ்டமே இல்லை. 'வெஸ்தி லா ஜூப்பா'வில் உங்களுக்குக் கேட்ட காலியிடம் அதில் கேட்காது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தக் காலியிடம் எங்கிருந்து வருகிறது என்று காதே சொல்லிவிடும். என்னைக் கேட்டால் லொவானோவின் ஏரியா மார்ஸலிஸின் எந்தத் தடத்தையும்விடக் கரடுமுரடு, ஆனால் நான் திரும்பப் போவது லொவானோவிடம்தான்.

கடைசியாக, எந்தக் கரூஸோ? 'வெஸ்தி லா ஜூப்பா'வை அவர் 1902, 1904, 1907 என்று மூன்று தடவை பதிவு செய்தார். முதல் இரண்டும் பியானோவோடு, மூன்றாவது ஆர்க்கெஸ்ட்ராவோடு. மூன்றாவதையே எடுங்கள். உலகில் முதன்முதலாகப் பத்து லட்சம் விற்ற இசைத்தட்டு இதுதான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதைச் சிலர் 1904 பதிவுக்கும், சிலர் 1907 பதிவுக்கும் கொடுக்கிறார்கள், சிலர் பல வருஷ விற்பனையை ஒன்றாகக் கூட்டிச் சொல்கிறார்கள். எண்ணை மறந்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். மைக் இல்லாத காலம், பெரிய கூம்புக்குள் பாடியது, அதனால் பின்னணி வாத்தியங்கள் தகரச் சத்தமாக இருக்கும். குரல் மட்டும் ஆச்சரியமாகப் பிழைத்திருக்கும். இந்தத் தகரம் பொறுக்காமல் விக்டர் நிறுவனமே 1932-இல் பழைய குரலுக்கு அடியில் புது ஆர்க்கெஸ்ட்ராவைப் பதிந்து வெளியிட்டது. இணையத்தில் சில பிரதிகள் அந்த வகை. தவிர்த்துவிடுங்கள், குரல் இழுக்கும் இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் ஓடி வரும்.

இன்னொன்று, வேகம். அந்தக் காலத் தட்டுகள் எல்லாமே நிமிஷத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் தப்பாக மாற்றிய பிரதியில் சுருதி ஏறி, கரூஸோ மெலிந்த குரல்காரராகக் கேட்பார். உங்களிடம் கீபோர்டு இருந்தால் சோதிப்பது சுலபம்: பாட்டு ஈ மைனரில் நிற்க வேண்டும், எஃப் மைனர் பக்கம் போயிருந்தால் அந்தப் பிரதி வேகமாக ஓடுகிறது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் நாக்ஸோஸ் வெளியிட்ட கரூஸோ முழுத் தொகுப்பைத் தேடுங்கள். வார்ட் மார்ஸ்டன் செய்த மாற்றுப்பதிவு அது. தட்டின் இரைச்சலைக் கொஞ்சம் விட்டு வைத்திருப்பார், ஆனால் சுருதியும் குரலின் கனமும் சரியாக இருக்கும்.